மென்பொருள் தொகுப்புகளின் உரிமக் குறி சரியாக இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திறமூல மென்பொருள் குறித்துத் தமிழ் நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகள், அது விலையின்றிக் கிடைக்கும் என்பதையும் எவரும் அதை மாற்றியமைக்கலாம் என்பதையும் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எந்த நிபந்தனையின் பேரில் மாற்றலாம், மாற்றியதை எந்த நிபந்தனையின் பேரில் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதை வரையறுப்பது அம்மென்பொருளின் உரிமம். அந்த உரிமம் இன்னதென்று, நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டி வழங்கும் தொகுப்பின் விவரக் கோப்பில் ஒரே வரியில் அறிவிப்பது உரிமக் குறி. அந்த வரியைப் பிழையாக எழுதுவதும், எழுதாமலே விடுவதும், எழுதியிருப்பதைச் சரிபார்க்காமல் நம்புவதும் வழக்கமாகிவிட்டன. லினக்ஸ் இயங்குதளத்தைப் பிற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் வழங்கல் ஒன்றுக்காகத் தொகுப்புகளைப் பராமரிக்கும் தன்னார்வலன் என்ற முறையில், இப்பழக்கம் எத்தகைய சிக்கல்களில் கொண்டுபோய் விடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களில் நிரல் எழுதுவோர், கற்பிப்போர், மென்பொருள் கொள்முதல் செய்வோர் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இன்று ஒரு சாதாரண இணையச் செயலியே நூற்றுக்கணக்கான தொகுப்புகளை நம்பி இயங்குகிறது. நிரலர் பெயர் சொல்லிக் கேட்பவை பத்தோ இருபதோதான்; அவை தத்தம் தேவைக்கு வேறு தொகுப்புகளை இழுத்துவருகின்றன, அவை மேலும் சிலவற்றை இழுத்துவருகின்றன. இத்தனையின் உரிமக் கோப்புகளையும் திறந்து வாசிக்க ஆள் போதாது என்பதால், நிறுவனங்களின் சட்டப் பிரிவும் சோதனைக் கருவிகளும் குறியைத்தான் முதலில் படிக்கின்றன. பல இடங்களில் குறியை மட்டுமே படிக்கின்றன. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்ட மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டுதல், ஒவ்வோர் உட்கூறின் பெயர், பதிப்பு, வழங்குநர் ஆகியவற்றோடு அதன் உரிமத்தையும் பதிவுசெய்யச் சொல்கிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் அப்பட்டியலை நிரப்புவது ஒரு கருவி. கருவி எடுத்துக்கொள்வது தொகுப்பில் எழுதியிருக்கும் குறியை. மூலத்தில் பிழை இருந்தால், அதே பிழை அதிகாரபூர்வ ஆவணத்தின் தோற்றத்தோடு அரசுத் துறைக்கும் வங்கிக்கும் போய்ச் சேரும்.

சட்டத்தின் நிலை தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. எனவே ஒரு நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியதாலேயே அது பொதுச் சொத்தாகிவிடாது. உரிமம் எதுவும் இணைக்கப்படாத நிரலை மாற்றி வெளியிடப் பிறருக்கு அனுமதி இல்லை. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியின் பொருட்டு ஊழியர் எழுதிய படைப்பின் முதல் உரிமையாளர் அவரை வேலைக்கு வைத்தவரே. அலுவலகப் பணிக்காக எழுதிய ஒரு கருவியை ஓர் ஊழியர், பதிப்புரிமைக் குறிப்பை விடாமல் வைத்திருந்தால் எவரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம் என்று குறியிட்டுத் தம் பெயரில் வெளியிட்டால், நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்றாலும், தம்மிடம் இல்லாத ஒன்றை அவர் ஊருக்கு வழங்குகிறார்.

பிழைகளில் பல, யோசித்துச் செய்தவை அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம் கருவியில் புதிய தொகுப்பைத் தொடங்கும்போது, உரிமம் எது என்று அது கேட்கும். பதில் எழுதாமல் என்டர் தட்டினால், பல ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாட்டின்படி ஐஎஸ்சி என்ற உரிமத்தை அதுவே எழுதிக்கொள்ளும். அதே தொகுப்பில் எம்ஐடி உரிமத்தின் வாசகமோ, மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் வாசகமோ தனிக் கோப்பாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆசிரியர் மனமறிந்து தேர்ந்தது எது, கருவி நிரப்பியது எது என்று பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதைவிட விபரீதமானது அன்லைசென்ஸ், அன்லைசென்ஸ்டு என்ற இரு குறிகளால் வரும் குழப்பம். முன்னது, ஆசிரியர் தம் பதிப்புரிமையைக் கைவிட்டு நிரலை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டதை அறிவிக்கும் உரிமம். பின்னது, என்பிஎம் விதிகளின்படி, எவருக்கும் எந்த உரிமையும் தரப்படவில்லை என்ற அறிவிப்பு. எல்லாவற்றையும் கொடுத்துவிட நினைத்தவர், ஈற்றெழுத்து ஒன்றைக் கூடுதலாகத் தட்டியதால், எதையுமே கொடுக்காதவராகப் பதிவாகிவிடுகிறார்.

குனு ஜிபிஎல் உரிமத்தில் பிழை நேரும் இடம் இன்னும் நுட்பமானது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதன் 2ஆம் பதிப்பு 1991இலும் 3ஆம் பதிப்பு 2007இலும் வெளிவந்தன. 2ஆம் பதிப்பின்கீழ் நிரலை வெளியிடும் ஒருவர், அப்பதிப்பு மட்டுமே என்று வரையறுக்கலாம்; அல்லது 2ஆம் பதிப்பையோ அதற்குப் பின் வரும் எந்தப் பதிப்பையோ பெறுபவர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம் என்று இடம் கொடுக்கலாம். தொகுப்போடு வரும் உரிமக் கோப்பு இரு நிலையிலும் ஒன்றேதான். ஆசிரியர் தேர்ந்தது எது என்பது மூலநிரல் கோப்புகளின் தலைப்பில் அவர் எழுதும் சில வரிக் குறிப்பில்தான் இருக்கும். உரிமக் கோப்பை மட்டும் பார்த்துக் குறி எழுதுபவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. இதன் விளைவு சிறியதன்று. பரவலாகப் பயன்படும் இன்னொரு திறமூல உரிமமான அப்பாச்சி 2.0இல் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேட்டன்ட்) தொடர்பாக உள்ள சில நிபந்தனைகள் ஜிபிஎல் 2ஆம் பதிப்போடு ஒத்துப்போகாதவை, 3ஆம் பதிப்போடு ஒத்துப்போகக்கூடியவை என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. அதன்படி, பிந்தைய பதிப்புக்கு இடம் கொடுத்த நிரலை அப்பாச்சி உரிமமுள்ள நிரலோடு சேர்த்து 3ஆம் பதிப்பின்கீழ் வெளியிடலாம், 2ஆம் பதிப்பு மட்டும் என்று வரையறுத்த நிரலை அவ்வாறு சேர்த்து வெளியிட வழியில்லை. குறியில் வெறுமனே ஜிபிஎல் 2 என்று இருந்தால், ஒருவர் சேர்க்கக்கூடாததைச் சேர்த்துவிடுகிறார். இன்னொருவர் சேர்க்கக்கூடியதை வீணாக ஒதுக்கிவிட்டு அதே வேலையை முதலிலிருந்து எழுதுகிறார்.

லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கும் எஸ்பிடிஎக்ஸ் திட்டம், 2017ஆம் ஆண்டின் இறுதியில் தன் உரிமப் பட்டியலில் ஜிபிஎல்-2.0 என்ற பழைய குறியைக் கைவிட்டு, ஜிபிஎல்-2.0-ஒன்லி, ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர் என்று இரண்டாகப் பிரித்தது இக்காரணத்தால்தான். அப்பட்டியலில் இன்று 600க்கும் மேற்பட்ட உரிமங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன. ஒரு தொகுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமங்கள் இருந்தால் அவற்றை இணைத்து எழுதவும் முறை உண்டு: பெறுபவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றால் நடுவில் ஆர் என்றும், எல்லாவற்றுக்கும் கட்டுப்பட வேண்டும் என்றால் ஆண்ட் என்றும், உரிமத்தோடு ஒரு விதிவிலக்கு சேர்ந்துவந்தால் வித் என்றும் எழுத வேண்டும். இத்திட்டத்தின் வரையறை 2021இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 5962 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. ஃபெடோரா லினக்ஸ் என்ற வழங்கல், தான் நெடுங்காலம் பயன்படுத்திய சொந்தக் குறிகளை விட்டு 2022 முதல் இதற்கு மாறத் தொடங்கியது. பைத்தான் மொழியின் 639ஆவது மேம்பாட்டு முன்மொழிவும் தொகுப்புகளில் இதே குறிகளை எழுதச் சொல்கிறது.

ஃபெடோராவின் பழைய முறையில் எம்ஐடி என்ற ஒரே குறி, சொல்லிலும் நிபந்தனையிலும் சிறிது சிறிது வேறுபடும் பல உரிமங்களைக் குறித்துவந்தது. பிஎஸ்டி என்ற குறியும் அப்படித்தான். பிஎஸ்டி உரிமத்தின் பழைய நான்கு நிபந்தனை வடிவத்தில், விளம்பரங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி இருந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 1999இல் அதைத் தன் நிரல்களுக்கு நீக்கிவிட்டபோதிலும், அதே வாசகத்தைப் பின்பற்றிப் பிறர் எழுதிய நிரல்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, ஜிபிஎல்லோடு அது சேராது. வாசகம் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஏமாறக்கூடிய இன்னோர் இடம் ஜேசான் உரிமம். எம்ஐடி உரிமத்தின் வாசகத்தோடு, இம்மென்பொருள் நன்மைக்குப் பயன்படுத்தப்பட வேண்டும், தீமைக்கு அல்ல என்ற ஒரே ஒரு வாக்கியம் அதில் கூடுதலாக இருக்கிறது. எது நன்மை என்பதை யார் முடிவுசெய்வது என்ற கேள்விக்கு விடை இல்லாததால், டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்பதில்லை. அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் தன் திட்டங்களில் அதைப் புதிதாகச் சேர்ப்பதைத் தடைசெய்தது. அவசரமாகப் பார்த்து எம்ஐடி என்று குறியிடுபவர் அந்த ஒரு வாக்கியத்தை மறைத்துவிடுகிறார்.

தமிழ்க் கணிமையில் இவ்விஷயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சொற்பிழை திருத்தி, விசைப்பலகை, உரைப் பகுப்பாய்வுக் கருவி என எதுவானாலும் தமிழுக்கு நிரல் மட்டும் போதாது. சொற்பட்டியலும் எழுத்துருவும் கூடவே வேண்டும். அண்மையில் நான் சரிபார்த்த ஒரு சிறு தொகுப்பின் விவரக் கோப்பில் குறி எம்ஐடி என்று இருந்தது. முதல் கோப்புறையில் எம்ஐடி உரிமத்தின் முழு வாசகமும், மேலே ஆசிரியரின் பெயரும் ஆண்டும் ஒழுங்காக இருந்தன. தரவுகளுக்கான உள்கோப்புறையைத் திறந்தால் ஒரு நீண்ட உரைக் கோப்பு. வரிக்கு ஒரு சொல், அதன் இலக்கண வகை, சுருக்கமான பொருள். முதல் வரியில், தன்னார்வலர்கள் எழுதும் இணைய அகராதியான விக்சனரியிலிருந்து தொகுக்கப்பட்டது என்ற குறிப்பு. அதற்கு அடுத்த கோப்புறையில் ஒரு தமிழ் எழுத்துருவும், எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் நகலும் இருந்தன. விக்சனரியின் உரை 2023 ஜூன் முதல் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் உள்ளது. எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். எழுத்துரு உரிமமோ எழுத்துருவைத் தனியே விற்பதைத் தடுக்கிறது. ஆசிரியர் ஒதுக்கிவைத்த பெயர் இருந்தால், மாற்றிய வடிவத்துக்கு அப்பெயரை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எம்ஐடி என்ற ஒற்றைக் குறி இவற்றில் எதையும் தெரிவிக்கவில்லை. எம்ஐடி ஆண்ட் சிசி-பிஒய்-எஸ்ஏ-4.0 ஆண்ட் ஓஎஃப்எல்-1.1 என்பதே அத்தொகுப்பின் உண்மையான குறி. ஆசிரியருக்கு எழுதினேன், அவர் மனமுவந்து திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டார்.

வெறும் சொற்பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டா என்று வாதிட இடமிருக்கிறது. அவ்வாதம் எப்படி முடிந்தாலும், ஊதியம் எதிர்பாராமல் விக்சனரிக்குச் சொல் சேர்த்தவர்கள் கேட்டது, எடுத்த இடம் எதுவென்று குறிப்பிடுவதையும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தைத் தொடர்வதையும் மட்டுமே. அவற்றையும் தவிர்த்துவிடும் ஒரு குறி, சட்டம் என்ன சொன்னாலும், முறையானதன்று என்பது என் கருத்து. நிலம் வாங்குகிறவர் பட்டாவை மட்டும் நம்பி முன்பணம் கொடுப்பதில்லை, மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டே கொடுக்கிறார். தொகுப்பில் எழுதிய உரிமக் குறிக்கும் அதனுள் இருக்கும் கோப்புகளுக்கும் உள்ள உறவு அத்தகையது.

உள்ளே இருக்கும் ஒரே ஒரு தரவுக் கோப்பு எவ்வளவு தூரம் பாயும் என்பதை 2021 மார்ச்சில் ரூபி மொழி நிரலர்கள் உலகெங்கும் கண்டார்கள். கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறியும் மைம்மேஜிக் என்ற சிறு தொகுப்பு எம்ஐடி குறியோடு பல ஆண்டுகளாகப் புழங்கிவந்தது. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் ஜிபிஎல் உரிமமுள்ள எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை அது தன்னுள் வைத்திருந்தது அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. பராமரிப்பாளர் தொகுப்பை ஜிபிஎல்லுக்கு மாற்றி, எம்ஐடி என்று குறியிட்ட பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றார். புகழ்பெற்ற ரெயில்ஸ் கட்டமைப்பு இன்னொரு தொகுப்பின் வழியாக மைம்மேஜிக்கைச் சார்ந்திருந்ததால், அந்தப் பழைய பதிப்புகளைத் தேடிய ரெயில்ஸ் செயலிகளை எங்கும் கட்டமைக்க முடியாமல் போயிற்று. மைம்மேஜிக் என்ற பெயரையே அதுவரை அறியாதவர்கள் அன்று அதன் உரிமத்தைப் படிக்க நேர்ந்தது. அப்பாச்சி டிக்கா திட்டத்தின் தரவைக் கொண்டு மார்செல் என்ற தொகுப்பைத் திருத்தி, ரெயில்ஸ் குழுவினர் புதிய பதிப்புகளை விரைந்து வெளியிட்ட பிறகே நிலைமை சீரானது.

இத்தனை கோப்புகளை யார் பார்ப்பது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் திட்டத்தின் பணியைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அதன் பல்லாயிரம் மூலநிரல் கோப்புகளில் உரிமக் குறிப்பே இல்லாதவை ஏராளமாக இருந்தன. அவற்றுக்கு, கர்னல் முழுமைக்கும் பொருந்தும் ஜிபிஎல் 2ஆம் பதிப்பே பொருந்தும் என்ற அடிப்படையில், 2017 நவம்பரில் வெளியான 4.14 பதிப்பிலிருந்து குறி சேர்க்கத் தொடங்கினார்கள். கேட் ஸ்டூவர்ட், ஃபிலிப் ஓம்ப்ரடேன், தாமஸ் கிளைக்ஸ்னர் ஆகியோர் இரண்டு தனித்தனிச் சோதனைக் கருவிகளின் முடிவுகளை விரிதாளில் அருகருகே வைத்து, எந்தக் கோப்புக்கு எந்தக் குறி என்று தீர்மானித்தார்கள். கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதைக் கர்னலில் சேர்த்தார். இன்று பெரும்பாலான கர்னல் கோப்புகளைத் திறந்தால் முதல் வரியிலேயே எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர் என்ற சொல்லும் அதையடுத்து உரிமக் குறியும் இருக்கும். பயனர் நிரல்கள் எடுத்தாளும் தலைப்புக் கோப்புகளில் மட்டும் குறியோடு வித் லினக்ஸ்-சிஸ்கால்-நோட் என்ற விதிவிலக்கும் சேர்ந்திருக்கும். கர்னலின் சேவையை அழைப்பதாலேயே ஒரு பயனர் நிரல் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டதாகிவிடாது என்பதை அது உறுதிசெய்கிறது. அந்த விதிவிலக்கை ஒருவர் விட்டுவிட்டால், லினக்ஸில் இயங்கும் எண்ணற்ற நிரல்களின் மீது தேவையற்ற ஐயம் எழும். கர்னலுக்குச் சாத்தியமானது, பத்துக் கோப்புகள் கொண்ட ஒரு தொகுப்புக்குச் சாத்தியமில்லை என்று சொல்ல இயலாது.

இதற்காக யாரும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்ற பேச்சும் அடிக்கடி என் காதில் விழுகிறது. போயிருக்கிறார்கள். பொம்மை ரயில்களை இயக்கும் ஒரு திறமூல மென்பொருளின் கோப்புகளை, ஆசிரியர் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டு ஒரு நிறுவனம் தன் பொருளில் சேர்த்துக்கொண்ட ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், திறமூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே நிலைநாட்டலாம் என்று அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆயினும் நான் வழக்கைக் காட்டி யாரையும் அச்சுறுத்த விரும்பவில்லை. திறமூல மென்பொருளை எழுதுபவருக்குக் கிடைக்கும் ஒரே கைம்மாறு, பல நேரங்களில், அவர் சொன்ன நிபந்தனை மதிக்கப்படுவதுதான். அந்த நிபந்தனையைத் தவறாக எழுதிவைப்பது அவரிடமிருந்து அதையும் பறித்துக்கொள்வதாகும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிகள் ஆண்டுதோறும் பொதுக் களஞ்சியங்களில் ஏற்றப்படுகின்றன. அவற்றை மதிப்பிடும் ஆசிரியர்கள், நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு, உரிமக் கோப்பு இருக்கிறதா, குறி அதோடு பொருந்துகிறதா, வெளியிலிருந்து எடுத்த கோப்புகளின் உரிமங்கள் குறியில் சேர்ந்திருக்கின்றனவா என்று மாணவரிடம் கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் சில நிமிடங்கள் போதும். அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்துவைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015இலேயே கொள்கை வகுத்திருக்கிறது. அதன்படி நிரலை வெளியிடும் துறைகள், ஒப்பந்தக்காரர் ஒப்படைக்கும் நிரலின் ஒவ்வொரு கோப்பிலும் எஸ்பிடிஎக்ஸ் குறி இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். ஃபாசாலஜி, ஸ்கேன்கோடு போன்ற சோதனைக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை காட்டுவதை மனிதர் ஒருவர் படித்துப் பார்த்த பின்பே ஏற்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்திலும், ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்தும்போது அதன் பெயர், பதிப்பு ஆகியவற்றோடு உரிமத்தின் பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்.

தம் தொகுப்பில் குறி தவறாக இருப்பதை இப்போதுதான் கண்டறிந்தவர்கள் பதற்றத்தில் பழைய பதிப்புகளையெல்லாம் அகற்றிவிட வேண்டாம். எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் பட்டியலிட்டு, பிறர் எழுதியவை இருந்தால் அவற்றின் உரிமம் சேர்த்து வெளியிட இடம் தருகிறதா என்று பார்த்து, இடம் தந்தால் குறியை மட்டும் திருத்திப் புதிய பதிப்பாக வெளியிடலாம். இடம் தராவிட்டால் அக்கோப்புக்கு மாற்று தேடி வைத்துக்கொண்டு, சார்ந்திருக்கும் தொகுப்புகளின் பராமரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அதன் பிறகு பழையதைத் திரும்பப் பெறுவது நல்லது. எப்படிச் செய்தாலும், மாற்றக் குறிப்பில் முன்பு இருந்த குறி எது, இப்போது எழுதிய குறி எது, எந்தப் பதிப்பிலிருந்து அது பொருந்தும் என்ற மூன்றையும் தெளிவாக எழுதிவிடுங்கள். எங்களைப் போன்ற பராமரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மென்பொருள் தொகுப்புப் பராமரிப்பாளர்,
கோயம்புத்தூர்.